பதினாறு சீரற்ற குடும்பங்கள்

"என் வீடு ஒரு மாதிரி வீடா?"

குடியிருப்போர் சங்கச் செயலாளர் லிஃப்ட் கதவுகளுக்கு நடுவே காலை வைத்துக்கொண்டு கேட்டார். கதவு அவர் செருப்பில் முட்டிப் பின்வாங்கியது. மறுபடி வந்து முட்டியது.

உள்ளே களப்பணியாளன் நின்றிருந்தான். கையில் பதினாறு வெற்றுப் படிவங்கள். அவனுக்குப் பின்னால் ஸ்டூலில் லிஃப்ட்காரர். இருவரும் இரண்டாம் மாடிக்குப் போக வேண்டியவர்கள். போக வழியில்லை.

"சார், அது அந்த அர்த்தம் இல்ல."

"எந்த அர்த்தம்? படிக்கறேன், கேட்டுக்கோ. 'தங்கள் இல்லம் எமது ஆய்வுக்கு ஒரு மாதிரி இல்லமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' இதுல உங்களுக்கு மகிழ்ச்சி வேற!"

"மாதிரின்னா சாம்பிள் சார்."

"தம்பி, முப்பது வருஷம் ரயில்ல டிக்கெட் பரிசோதகரா இருந்தவன் நான். ஒரு மாதிரியான ஆளுங்களை முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சு இறக்கி விட்டிருக்கேன். எதிர் வீட்டுல கடிதம் வரலை. அந்தம்மா காலையில என்னைப் பாத்துக் கதவைச் சாத்தறாங்க. நீ ரொம்ப சுலபமா சாம்பிள்னு சொல்ற."

"மாத்தி எழுதச் சொல்றேன் சார்."

"எழுது. எனக்குப் புரியற மாதிரி எழுது."

காலை எடுத்தார். கதவு மூடியது.

"அவர் கோபத்துக்கும் மனசுக்கும் சம்பந்தமில்ல சார்," என்றார் லிஃப்ட்காரர். இரண்டு என்ற பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் முதலில் மூன்றுக்குப் போய்ப் பிறகு இரண்டுக்கு இறங்கியது. அதற்கு அப்படி ஒரு பழக்கம்.

களப்பணியாளன் வேலை பார்த்தது ஒரு சமூக ஆய்வு மையத்தில். அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் முப்பத்திரண்டு வீடுகளில் ஒவ்வொன்றிலும், தனியே விட்டுவிட்டு வெளியே போக முடியாத ஒருவர் இருந்தார். படுக்கையில் கிடப்பவர், நினைவு தப்பியவர், எழுந்தால் விழுந்துவிடுபவர். அப்படிப்பட்ட வீட்டுக்குப் பயிற்சி பெற்ற ஒரு துணையாளை தினம் இரண்டு மணி நேரம் அனுப்பினால், பார்த்துக்கொள்பவரின் சுமை குறையுமா? மூன்று மாதம் அனுப்பிப் பார்த்து மையம் அறிக்கை தர வேண்டும். குறைகிறது என்று அறிக்கை சொன்னால் நகர நலத்துறை எல்லோருக்கும் ஆள் அனுப்பும். சொல்லாவிட்டால் யாருக்கும் இல்லை.

அவன் வேலை தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை படிவம் நிரப்புவது. இடையில் பேசாமல் இருப்பது. இயக்குநர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

"கேள்வி கேளுங்க, பதிலை எழுதுங்க. விளக்கம் மட்டும் சொல்லிடாதீங்க. நமக்கு என்ன வேணும்னு தெரிஞ்சா ஜனங்க அதையே குடுத்துடுவாங்க. நல்லவங்க. அதான் பிரச்சினை."

இரண்டாம் மாடியில் தையல்காரம்மா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. தையல் இயந்திரத்தைக் கட்டிலை ஒட்டிப் போட்டிருந்தார். கட்டிலில் அவர் கணவர். ஒன்றரை வருடமாக இடது பக்கம் அசைவில்லை. பேச்சும் இல்லை. ஜன்னல் விளிம்பில் ஏழு நாளுக்கும் ஏழு அறை கொண்ட மாத்திரை டப்பா. பக்கத்தில் ஒரு அலாரம் கடிகாரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் முதுகில் புண் வரும்.

தையல்காரம்மா வலது கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, இடது ஓரத்தால் பேசினார்.

"உக்காருங்க தம்பி. பல்லு. நாலு மாசமா."

"டாக்டர்கிட்ட போகலையா?"

"பஸ்ல போகணும், உக்காந்திருக்கணும், புடுங்கணும், வரணும். எனக்கு ஒரு அலாரத்துக்கும் அடுத்த அலாரத்துக்கும் நடுவுல இருக்கறது ஒரு மணி அம்பது நிமிஷம். போய் வாயைத் தொறந்துட்டு வரலாம். மூடிட்டு வர முடியாது."

"பக்கத்து வீட்டுல யாரையாவது உக்கார வச்சிட்டு?"

"உக்காருவாங்க. திருப்பிப் படுக்க வைக்கப் பழகின கை வேணும். போன தடவை உக்காந்தவங்க இவர் இருமினதுல பயந்து, என்னைக் கூப்பிட பஸ் ஸ்டாப்புக்கே ஓடி வந்துட்டாங்க. இவரைத் தனியா விட்டுட்டு."

கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயின் ஒரு பக்கம் லேசாக இழுத்துக்கொண்டது. சிரிப்பாக இருக்கலாம்.

"எனக்கும் கடிதம் வந்துச்சு," என்றார் தையல்காரம்மா. "சாம்பிள்னா, துணிக்கடையில ஓரத்துல ஒரு துண்டு வெட்டிக் காட்டுவாங்களே, அதுவா?"

"அதேதான்மா."

"ஓரத்தை வச்சு முழுத் துணியையும் முடிவு பண்ணுவீங்க."

"ஆமா."

"ஓரம் சாயம் போச்சுன்னா?"

களப்பணியாளன் படிவத்தைப் புரட்டினான். பதில் சொல்லக் கூடாது.

"சும்மா கேட்டேன் தம்பி. எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது," என்று சொல்லி அவர் ஊசியில் நூல் கோத்தார்.

மையத்தில் மொழிபெயர்ப்பாளர் என்று ஒருவர் இருந்தார். எல்லோரும் ஐயா என்பார்கள். மேசைமேல் ஐந்து அகராதிகள் வைத்திருந்தார். திறந்து யாரும் பார்த்ததில்லை. தேவைப்படும்போது மேலே கையை வைத்துக்கொள்வார்.

"மாதிரியில என்ன குறை கண்டீங்க?"

"குறை இல்லைங்க ஐயா. பேச்சுல அதுக்கு வேற அர்த்தம் இருக்கு."

"பேச்சுல வழுக்கி விழறவங்களுக்காக நான் சொல்லை மாத்த முடியாது."

"கடிதம் வாங்கினவங்க கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க."

ஐயா ஓர் அகராதியின் மேல் கையை வைத்தார். கண்ணை மூடினார். "சரி. எப்படித் தேர்ந்தெடுத்தோம்? கணினி பாட்டுக்குப் பொறுக்கிச்சு. அதுக்கு ஒழுங்கான சொல் இருக்கு. 'சீரற்ற முறையில் தெரிவு செய்யப்பட்ட குடும்பங்கள்'. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

தட்டச்சு செய்தவருக்குத் தலைப்பு ஒரு வரியில் அடங்கவில்லை. நடுவில் மூன்று சொற்களை எடுத்துவிட்டார். மறுநாள் குடியிருப்பின் தரைத்தளத்தில், தபால் பெட்டிகளுக்கு மேல், பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது.

சீரற்ற குடும்பங்கள்.

கீழே பதினாறு கதவு எண்கள்.

களப்பணியாளன் போய்ச் சேர்ந்தபோது அறிவிப்புக்கு முன்னால் கூட்டம். செயலாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் மீசைக்காரர். அவர் நான்காம் மாடி. மனைவிக்கு நினைவு தப்பிவிட்டது. கதவு திறந்திருந்தால் எங்காவது நடந்து போய்விடுவார். அதனால் மீசைக்காரர் சாவியைக் கழுத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"என் குடும்பத்துல என்ன சீர் கெட்டுப் போச்சு?" என்றார் மீசைக்காரர். "இருக்கறதே நானும் அவளும். அவ என்னைப் பாத்து நீங்க யாருங்கறா. அது ஒண்ணுதான். மத்தபடி ஒழுங்காத்தான் இருக்கோம்."

"முன்னாடி ஒரு மாதிரின்னு மறைமுகமா சொன்னாங்க," என்றார் செயலாளர். "இப்ப நேராவே சொல்லிட்டாங்க. நம்பரோட."

"சார், சீரற்றன்னா வரிசை இல்லாமன்னு அர்த்தம். குலுக்கல்ல எடுத்த மாதிரி."

"குலுக்கலா? யார் குலுக்கினது?"

"கம்ப்யூட்டர்."

"எதுல எதை எடுத்துது?"

களப்பணியாளன் தயங்கினான். விளக்கம் சொல்லக் கூடாது. ஆனால் பதினாறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் இருந்த பதினாறு படிவங்களும் வெறுமையாக இருந்தன.

"முப்பத்திரண்டு வீட்டுல பதினாறு."

"அப்ப இந்தப் பதினாறு பேருக்கும் ஆள் வரும்."

அவன் காகிதங்களைச் சரிசெய்தான்.

"வராதா?"

"எட்டு பேருக்கு வரும்."

"மிச்ச எட்டு பேரு?"

"அவங்களும் ஆய்வுல இருப்பாங்க."

"எதுக்கு?"

"அதை நான் சொல்லக் கூடாதுங்க."

செயலாளர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "புரியுதா யாருக்காவது?"

யாருக்கும் புரியவில்லை. அதை அவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்.

"எழுத்துல குடுத்துடுங்க தம்பி," என்றார் தையல்காரம்மா, கன்னத்தைப் பிடித்தபடி. "யார் எதுல இருக்கோம்னு. அப்பத்தான் கையெழுத்துப் போட மனசு வரும்."

கையெழுத்து இல்லாமல் ஆய்வு இல்லை. இயக்குநர் அரை நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். "எந்தக் குழுன்னு பேரை மட்டும் குடுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை கூடாது. ஐயாகிட்ட ஒழுங்கா எழுதி வாங்குங்க."

ஐயா ஒழுங்காகத்தான் எழுதினார். துணையாள் கிடைக்கும் எட்டு வீடுகளுக்கு: 'தாங்கள் சிகிச்சைக் குழுவில் சேர்க்கப்பட்டுள்ளீர்கள்.' கிடைக்காத எட்டு வீடுகளுக்கு: 'தாங்கள் கட்டுப்பாட்டுக் குழுவில் நியமிக்கப்பட்டுள்ளீர்கள்.'

"நியமிக்கப்பட்டுள்ளீர்கள் வேணுமாங்க ஐயா?"

"ஒண்ணும் கிடைக்காதவங்களுக்கு ஒரு மரியாதையாவது கிடைக்கட்டுமே," என்றார் ஐயா.

மூன்றாம் நாள் மீசைக்காரர் மையத்துக்கே தொலைபேசியில் அழைத்துக் களப்பணியாளனிடம் பேசினார்.

"சிகிச்சை எனக்கா, அவளுக்கா? அவளுக்குன்னா டாக்டர் பாத்துக்கறார். எனக்குன்னா, எனக்கு அறுபத்தெட்டு வயசு, சர்க்கரை கூட கிடையாது. ஊசியோட யாராவது வந்தா கதவைத் தொறக்க மாட்டேன். சாவி என்கிட்டதான் இருக்கு."

"ஊசி இல்லைங்க. ஒரு ஆள் வந்து ரெண்டு மணி நேரம் வீட்டம்மாவைப் பாத்துப்பாங்க. அவ்வளவுதான்."

"அது சிகிச்சையா?"

"எங்க பாஷையில அப்படித்தான்."

"எனக்குப் புரியலை தம்பி. நேர்ல வந்து சொல்லு."

அவன் போனான். லிஃப்ட் கதவில் ஒரு புதுக் காகிதம் ஒட்டியிருந்தது.

கட்டுப்பாட்டுக் குழு – தீர்மானங்கள். ஒன்று: லிஃப்டில் ஒரே சமயத்தில் நான்கு பேருக்கு மேல் ஏறக் கூடாது. இரண்டு: மொட்டை மாடியில் ஈரத்துணி கிழக்குப் பக்கக் கயிற்றில் மட்டும். மூன்று: குழு உறுப்பினர்கள் எண்மரும் ஒருவர் வீட்டு நோயாளியை மற்றவர் முறைவைத்துப் பார்த்துக்கொள்வது.

கீழே வட்டமான ரப்பர் முத்திரை.

"இது என்ன?" என்றான்.

"நியமனம் வந்துச்சுல்ல சார்," என்றார் லிஃப்ட்காரர். "அன்னிக்கு சாயங்காலமே கூடிட்டாங்க. செயலாளர்தான் தலைவர். தையல்காரம்மா எட்டு பேருக்கும் கைப்பட்டை தச்சுக் குடுத்தாங்க. நீலக் கலர். என்னை ரெண்டு தடவை எச்சரிச்சிட்டாங்க."

"எதுக்கு?"

"அஞ்சாவது ஆளை ஏத்தினதுக்கு. அந்த அஞ்சாவது ஆள் நான்தான்."

களப்பணியாளன் மூன்றாவது தீர்மானத்தை மறுபடி படித்தான். துணையாள் வராத எட்டு வீடுகளும் தங்களுக்குள்ளேயே துணையாக இருந்துவிட்டால், வந்த வீட்டுக்கும் வராத வீட்டுக்கும் வித்தியாசம் இருக்காது. திட்டம் பயனற்றது என்று அறிக்கை சொல்லும். முப்பத்திரண்டு வீட்டுக்கும் ஒன்றுமில்லை.

அன்று மாலை தரைத்தளத்தில் கூட்டம் கூட்டினான். பதினாறு பேர் வந்தார்கள். எட்டுப் பேர் நீலப் பட்டையோடு. மீசைக்காரர் மனைவியையும் அழைத்து வந்து, அவர் கையைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டார். தையல்காரம்மா கடைசியில் வந்தார், கடிகாரத்தோடு.

"எனக்கு நாப்பது நிமிஷம் இருக்கு," என்றார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்," என்றான் களப்பணியாளன். "கட்டுப்பாட்டுக் குழுன்னா யாரையும் கட்டுப்படுத்தற குழு இல்ல."

செயலாளர் நோட்டுப் புத்தகத்தை மூடினார். "அப்ப எங்களோட வேலை என்ன?"

"ஒண்ணும் செய்யாம இருக்கறது."

"ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்கு ஒரு குழுவா?"

"எல்லா ஆபீஸ்லயும் உண்டு சார்," என்றார் லிஃப்ட்காரர், லிஃப்டுக்குள்ளிருந்து.

யாரோ சிரித்தார்கள். மீசைக்காரரின் மனைவிதான். எல்லோரும் அவரைப் பார்த்ததும் அவர் நிறுத்திக்கொண்டு, மீசைக்காரரிடம், "நீங்க யாரு?" என்றார்.

"சிகிச்சைக் குழு," என்றார் மீசைக்காரர்.

"தயவுசெஞ்சு கேளுங்க," என்றான் களப்பணியாளன். "நீங்க எட்டு பேரும் எப்பவும் எப்படி இருந்தீங்களோ அப்படியே இருக்கணும். மூணாவது தீர்மானத்தை எடுத்துடணும். ஒருத்தருக்கொருத்தர் உதவி பண்ணக் கூடாது."

சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று அவனுக்கே கேட்டது.

"உதவி பண்ணக் கூடாதுன்னு சொல்ல ஒரு ஆபீஸ் வச்சிருக்கீங்களா?" என்றார் செயலாளர்.

"மூணு மாசம்தான் சார்."

"ஏன் கூடாது? எனக்குப் புரியலை."

"எனக்கும்தான்," என்றார் தையல்காரம்மா. "நாளன்னிக்குப் பல்லு டாக்டர்கிட்ட போறதா இருந்தேன். செயலாளர் சார் வந்து என் வீட்டுக்காரரைப் பாத்துக்கறேன்னார். அதுவும் கூடாதா? ஆய்வுக்கு என் பல்லு வலிக்கணுமா?"

ஆய்வுக்கு அந்தப் பல் வலிக்கத்தான் வேண்டும். அதைக் கண்ணியமாகச் சொல்ல ஐயாவின் ஐந்து அகராதியிலும் சொல் இருக்காது.

"அம்மா, சொல்றேன். சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்றேன். மூணு மாசம் கழிச்சு உங்க எட்டு வீட்டையும், அவங்க எட்டு வீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்போம். அவங்க சுமை குறைஞ்சிருக்கணும். உங்க சுமை குறையாம இருக்கணும். அந்த வித்தியாசத்தைத்தான் எடுத்துட்டுப்போய் நலத்துறையில காட்டுவோம்."

"வித்தியாசம் இல்லைன்னா?"

"திட்டம் கிடையாது."

"எங்களுக்கா?"

"யாருக்கும்."

"இருந்தா?"

"எல்லாருக்கும். முப்பத்திரண்டு வீட்டுக்கும்."

தையல்காரம்மாவின் மடியில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப மூணு மாசத்துக்கு அப்புறம் எனக்கும் ஆள் வரும்," என்றார் அவர். "தினம் ரெண்டு மணி நேரம். பழகின கை."

"வித்தியாசம் வந்தா."

"எதை வச்சு தம்பி வித்தியாசம்னு சொல்லுவீங்க?"

"பத்துக் கேள்வி இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் பதில்."

"அஞ்சுன்னா பாஸா, ஃபெயிலா?" என்றார் மீசைக்காரர்.

"அஞ்சுன்னா தாங்க முடியாத சுமை. ஒண்ணுன்னா சுமையே இல்ல."

"தலைகீழா இருக்கே. எங்க காலத்துல நிறைய வாங்கினவன்தான் பாஸ்."

"இதுல நிறைய வாங்கினா கஷ்டம்."

"யாரு நிறைய வாங்கணும்?"

"யாரும் வாங்கணும்னு இல்ல! உண்மையைச் சொல்லணும்!"

அவன் குரல் தபால் பெட்டிகளில் மோதித் திரும்பியது. மீசைக்காரரின் மனைவி பயந்து கணவர் தோளுக்குப் பின்னால் போனார்.

"உண்மையைத்தான் சொல்லப் போறோம், ஃபார்ம் தம்பி," என்றார் செயலாளர் மெதுவாக. அன்றிலிருந்து குடியிருப்பில் அவன் பெயர் அதுவாயிற்று. "புரியாம எப்படிச் சொல்றது? அதுக்குத்தான் கேட்டோம்."

பட்டைகளைக் கழற்றி மேசைமேல் வைத்தார்கள். பதினாறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவன் வீடு வீடாகப் போய் முதல் படிவத்தை நிரப்பினான்.

இயக்குநர் கணினித் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டு குழுவோட சராசரியும் மூணு புள்ளி நாலு. தசமம் வரைக்கும் ஒண்ணா இருக்கு. இருபது வருஷத்துல இப்படி ஒரு தொடக்கம் எனக்குக் கிடைச்சதில்ல. அங்க ஏதாவது சிக்கல் உண்டா?"

கூட்டத்தில் எல்லாவற்றையும் விளக்கிவிட்டதைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தான். சொன்னால் பதினாறு வீட்டையும் நீக்கிவிட்டு வேறு குடியிருப்புக்குப் போவார்கள். தையல்காரம்மாவின் பல் நினைவுக்கு வந்தது.

"கொஞ்சம் வார்த்தைக் குழப்பம் மேடம். சரியாயிடுச்சு."

மூன்று மாதம் ஓடியது. துணையாட்கள் எட்டு வீடுகளுக்குப் போய் வந்தார்கள். களப்பணியாளன் வாரம் ஒரு முறை வருகைப் பதிவேட்டைச் சரிபார்க்க வந்தான். கட்டுப்பாட்டுக் குழு வீடுகளின் பக்கம் அவன் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை. ஒரு முறை மட்டும், லிஃப்ட் தன் பழக்கப்படி வேறு மாடியில் நின்று திறந்தபோது, இரண்டாம் மாடி நடையில் செயலாளர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். கையில் ஒரு அலாரம் கடிகாரம்.

"நடைப்பயிற்சி," என்றார்.

கதவு மூடியது.

கடைசிப் படிவத்துக்காக முதலில் செயலாளர் வீட்டுக்குப் போனான். அவர் இடுப்பில் அகலமான பெல்ட் கட்டியிருந்தார். உட்கார நேரமானது.

"என்ன சார் இடுப்புல?"

"தண்ணி வாளி தூக்கினேன்."

உள்ளே படுக்கையில் கிடந்த அவர் அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். செயலாளர் எழுந்து போய்ப் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"எழுதிக்கோ. தூக்கம், அஞ்சு. உடம்பு வலி, அஞ்சு. கோபம், நாலு."

"கோபம் நாலா சார்?"

"எல்லாத்துக்கும் அஞ்சு போட்டா நல்லாவா இருக்கும்?"

மீசைக்காரர் வீட்டில் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. துணையாள் பெண்ணும் மீசைக்காரரின் மனைவியும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். மீசைக்காரர் தோளில் துண்டோடு வந்தார். முடிவெட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு," என்றார். "தம்பி, இது நிஜம். ஆள் வர்ற நேரத்துல நான் பார்க் வரைக்கும் போறேன். திரும்பி வந்தா, இவ யாருன்னு கேக்கறா. ஆனா சிரிச்சிக்கிட்டே கேக்கறா."

அதை எழுதப் படிவத்தில் இடமில்லை. ஓரத்தில் சின்னதாக எழுதிக்கொண்டான்.

கடைசியாகத் தையல்காரம்மா. அதே கட்டில், அதே இயந்திரம். அவர் கன்னத்தைக் கையால் தாங்கியிருந்தார், இடது கன்னத்தை.

"தூக்கம்?"

"அஞ்சு போடுங்க."

"உடம்பு?"

"அஞ்சு."

"ஏழாவது கேள்வி. 'கடந்த மூன்று மாதங்களில் உங்கள் சொந்தத் தேவைக்காக இரண்டு மணி நேரம் வெளியே போக முடிந்ததா?'"

"எங்க தம்பி போறது?" என்றார் அவர். சொல்லும்போது வாய் நன்றாகத் திறந்தது. வலது பக்கம், மேல் வரிசையில், ஒரு பல் இருந்த இடம் காலியாக இருந்தது. சுத்தமாக ஆறியிருந்தது.

அவன் பார்த்ததை அவர் பார்த்தார். கையை இடது கன்னத்திலிருந்து எடுத்து வலது கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

கட்டிலில் கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. இந்த முறை சந்தேகமில்லை.

களப்பணியாளன் பேனாவைப் பார்த்தான். கடிகாரம் ஜன்னல் விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தது. செயலாளரின் பெல்ட் நினைவுக்கு வந்தது. தண்ணீர் வாளி தூக்கினால் பிடித்துக்கொள்ளும் இடம் அல்ல அது. ஆளைத் திருப்பிப் படுக்கவைத்தால் பிடித்துக்கொள்ளும் இடம். இன்னொரு மூன்று மாதம் அந்த இடுப்பு தாங்காது.

"இல்லைதானே?" என்றான்.

"இல்லை."

ஐந்து என்று எழுதினான்.

அறிக்கை ஒரே தடவையில் ஏற்கப்பட்டது. சிகிச்சைக் குழு ஒன்று புள்ளி ஆறு, கட்டுப்பாட்டுக் குழு நான்கு புள்ளி ஏழு. "பாடப்புத்தகத்துல போடலாம்," என்றார் இயக்குநர். நலத்துறை முப்பத்திரண்டு வீட்டுக்கும் துணையாட்களை அனுப்ப உத்தரவிட்டது. அடுத்த ஆய்வும் அவனுக்கே என்று இயக்குநர் சொன்னார். அவன் தலையாட்டினான். ஐயா வாழ்த்துக் கடிதம் எழுதத் தொடங்கியபோது அவன் காகிதத்தை வாங்கிக்கொண்டான். அவனே எழுதினான். 'வரும் திங்கள் முதல் உங்கள் வீட்டுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் ஆள் வருவார்.' அவ்வளவுதான். ஐயா அதைப் படித்துவிட்டு, "இதுல தமிழே இல்லையே," என்றார்.

கடிதங்களைக் கொடுக்க அவனே போனான். தையல்காரம்மா இரண்டு தடவை படித்தார். பிறகு இயந்திரத்தின் பெட்டிக்குள் வைத்து மூடினார். "இடது பக்கமும் ஒண்ணு ஆடுது தம்பி," என்றார். "இனிமே நிதானமா போலாம்."

இறங்கும்போது லிஃப்டில் அவனும் லிஃப்ட்காரரும் மட்டும். லிஃப்ட் கீழே போவதற்குப் பதில் மேலே போனது. அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"நல்லபடியா முடிஞ்சுதுங்க," என்றான். "ஆனா எனக்கு ஒரு உறுத்தல். மாதிரின்னா புரியலை, சீரற்றன்னா புரியலை, குழுன்னா புரியலை. பாவம், ஒவ்வொண்ணா நான் விளக்கி விளக்கிச் சொல்லக் கூடாததை எல்லாம் சொல்லிட்டேன். கொஞ்சம் படிச்சவங்களா, விவரம் தெரிஞ்சவங்களா இருந்திருந்தா இவ்வளவு சிக்கல் வந்திருக்காது."

லிஃப்ட் நான்காம் மாடியைத் தொட்டு, யாரும் இல்லாத நடைக்குக் கதவைத் திறந்து காட்டிவிட்டு, மூடிக்கொண்டது. லிஃப்ட்காரர் கீழ்ப் பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினார்.

"இந்தக் குடியிருப்புக்கு இது ஏழாவது ஆய்வு சார். முதல் ஆறு தடவையும் புரியுதுன்னு சொல்லித்தான் ஏமாந்தோம்."